பெயரற்ற பூவா?

இளவேனில் வந்ததெனப் புலவர் பாடுவர். சிங்கப்பூரிலோ இளவேனிலும் இல்லை, பின்பனியும் இல்லை. ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமே மாறி மாறி வரும். ஆயினும், ஒரு நாட் காலை ஜாலான் புசார் வட்டாரத்தில் நாம் உலவியபோது, நடைபாதையை அடுத்த புல்லிடையே இளவேனிலையே கண்டோம். வெளிறிய இதழும் மஞ்சள் நடுவுங் கொண்ட சிறு பூக்கள் நீண்ட காம்பின்மீது தலைநிமிர்ந்து நின்றன. நட்டவர் யாருமில்லை, நீர் வார்த்தது வானமே.

"மாமா, இது என்ன பூ?" என்றான் உடன் வந்த நம் தங்கை மகன்.

"ஏதோ களை" என்றோம். சொன்ன பின் நாணினோம்.

மலாய் மொழியில் 'பெரிய சாலை' எனப் பொருள்படும் ஜாலான் புசார், நீப்பாப் பனையும் கண்டலும் செறிந்த சதுப்பின்மீது எழுந்தது. அதனைச் சூழ்ந்த தெருக்கள் பல, 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த பெரும் போரின் பெயர்களைத் தாங்குகின்றன: வெர்டன், சோம், மார்ன், பிளாண்டர்ஸ். பீரங்கி கிளறிய பிளாண்டர்ஸ் மண்ணிலேதான், நெடுநாள் உறங்கிய விதைகள் விழித்துச் செந்நிறப் பாப்பிப் பூக்களாய் மலர்ந்தன. 1921-இல் பிரிட்டன் அக்காட்டுப்பூவை மாண்ட வீரரின் நினைவுச் சின்னமாக ஏற்றது.

பெத்தேன் சாலையும் அங்கே உண்டு. 1916-இல் வெர்டனைக் காத்த அத்தளபதி, 1940-இல் இட்லரோடு ஒத்துழைத்த அரசுக்குத் தலைவரானார். 1945-இல் தேசத்துரோகி எனத் தண்டிக்கப்பட்டார். பெயரோ இன்றும் பலகையில் நிற்கிறது!

நம் காலடிப் பூவுக்குப் பலகை இல்லை. பெயருமா இல்லை? வெட்டுக்காயப் பூண்டு என்பர். மூக்குத்திப் பூ என்றும் கூறுவர். நடு அமெரிக்காவினின்று கடல் கடந்து பரவிய செடி அது. அதற்குத் தமிழ்ப் பெயர் சூட்டியவர் பண்டிதர் அல்லர். இலையைக் கசக்கிக் காயத்தில் வைத்துக் கட்டிய பாட்டாளிகளே.

கடல் கடந்து வந்தோர் நம் முன்னோரும் அல்லரோ! ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினர். சாலைக்குக் கல் சுமந்தனர். ஆளுக்கொரு பெயர் இருந்தும், 'கூலி' என்ற ஒரே சொல்லில் அவரை அடைத்தனர். அக்கொடுமையை அறிந்த நாமே ஒரு பூவைக் 'களை' என்று தள்ளலாமோ?

திரும்பி நின்று, சிறுவனுக்குப் பெயரைச் சொன்னோம், காரணமும் சொன்னோம். "வெட்டுக்காயப் பூண்டு" என்று இருமுறை சொல்லிப் பார்த்தான் அவன். பின்னர், வீடு சேரும்வரை பிற பூக்களின் பெயரையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். பாதிக்குமேல் நமக்குத் தெரியவில்லை. இனிக் கற்க வேண்டும்.