மேலச்சேரி வழியாகச் செஞ்சிக்கு

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்து செஞ்சி ஊரைத் தாண்டியதும் இரண்டு மலைகளுக்கு நடுவே புகுந்து போகும். வலப்பக்கம் கிருஷ்ணகிரி, இடப்பக்கம் ராஜகிரி. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் "அதோ பார், தேசிங்கு ராஜன் கோட்டை" என்று பிள்ளைகளுக்குக் கை நீட்டுவார்கள். நீட்டிய கையை மடக்குவதற்குள் மலை பின்னால் போய்விடும்.

எங்கள் பெரியப்பாவுக்கு இப்படிப் பார்ப்பது பிடிக்காது. "வாசல்ல எறங்கி மல ஏறுனா அது கோட்ட பாக்கறது இல்லப்பா, படி ஏறுறது" என்பார். தெருக்கூத்து என்றால் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற ஆள். எண்பதுகளில் ஒரு தை மாதம், சம்பா அறுப்பு முடிந்த கையோடு, வீட்டுப் பையன்களையும் தெருப் பையன்களையும் சேர்த்துக்கொண்டு கிராமங்கள் வழியாகவே எங்களைக் கோட்டைக்கு நடத்திப்போனார். வாழையிலையில் கட்டிய புளிச்சோறு, துணிப்பையில் வறுத்த மல்லாட்டை, தூக்குவாளியில் தண்ணீர். அவ்வளவுதான் ஏற்பாடு.

புறப்பட்ட இடம் மேலச்சேரி. செஞ்சிக்கு வடமேற்கே இருக்கும் இந்த ஊருக்குப் பழைய செஞ்சி என்றும் பெயர் உண்டு. வடதமிழ்நாட்டில் திரௌபதை அம்மன் கோயில் இல்லாத பெரிய ஊரைத் தேடத்தான் வேண்டும். அத்தனை கோயில்களுக்கும் மூலக்கோயில் மேலச்சேரியில் இருப்பதுதான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய ஆய்வின் முதல் தொகுதி 1988இல் வந்தபோது, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்றே அதற்குத் துணைத்தலைப்பு வைத்தார். அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. அம்மனுக்குக் காவல் நிற்பவர்களில் போத்துராஜாவும் உண்டு, முத்தால் ராவுத்தன் என்கிற முஸ்லிம் வீரனும் உண்டு என்று பெரியப்பா சொன்னதுதான் மனதில் நின்றது. "சாமிக்கு யாரு காவல்னு சாமிதாம்பா முடிவு பண்ணும்" என்றார்.

அதே ஊரில் பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்றும் இருக்கிறது. வெளியே பிற்காலத்து மண்டபங்கள் மறைத்துக்கொண்டிருப்பதால், உள்ளே போனால்தான் பாறையைக் குடைந்த கோயில் என்பது தெரியும். லிங்கத்தைத் தனியாகச் செய்து வைக்கவில்லை. குடைந்தபோதே தாய்ப்பாறையில் விட்டு வடித்திருக்கிறார்கள். அந்தக் குளிர்ச்சியிலேயே கொஞ்ச நேரம் உட்காரவிட்டு, வெயில் ஏறுமுன் எங்களைக் கிளப்பினார்.

அங்கிருந்து சிங்கவரம் வரை வரப்பும் வண்டிப்பாதையும்தான். அறுத்த தாள் காலைக் குத்தும். களத்துமேட்டில் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தவர்கள் "எந்த ஊரு பசங்க?" என்று கேட்டு, பம்புசெட்டைக் காட்டித் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஏரிக்கரையில் பனைமரங்கள். கரைக்கு அந்தப்புறம், யாரோ அடுக்கிவைத்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் பாறைகள். செஞ்சி வட்டாரத்தின் மலைகளெல்லாம் இப்படித்தான். மண்ணைவிடக் கருங்கல்தான் அதிகம், இடுக்குகளில் மட்டும் முள்ளும் புதரும். பாதி மதிலை இயற்கையே கட்டி வைத்துவிட்டது, மிச்சத்தை அரசர்கள் முடித்துக்கொண்டார்கள்.

சிங்கவரம் மலைமேல் ரங்கநாதர் கிடந்த கோலத்தில் இருக்கிறார். அதுவும் பல்லவர் குடைவரைதான். பெருமாள் முகம் சற்றே அப்பால் திரும்பினாற்போல் இருக்கும். அதற்கு ஊரார் சொல்லும் காரணம் செஞ்சியை ஆண்ட தேசிங்கு. ஆற்காட்டு நவாப் சாதுல்லா கான் படையோடு வந்துவிட்டான் என்றதும், போருக்குப் போக உத்தரவு கேட்டு ராஜா இங்கே வந்து நின்றானாம். பெருமாள் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். திருப்பிய முகம் திருப்பியபடியே இருக்கிறதாம். தாயார் சன்னதியில் ஒரு திறப்பின் வழியாக எட்டிப்பார்த்தால், பாறையில் புடைத்து நிற்கும் கொற்றவையைக் காணலாம். நாங்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு பார்த்தோம்.

அடுத்தது திருநாதர்குன்று. குன்றின் மேல் ஒரு பெரும்பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு பாறையில் பழைய எழுத்து. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் நோற்று உயிர்விட்ட இடம் இது என்று அது சொல்கிறது. கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய கல்வெட்டு. கையில் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு நின்றுகொண்டு அந்தச் சேதியைக் கேட்டதில் எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. குன்றைவிட்டு இறங்கி, ஒரு புளியமரத்தடியில்தான் சாப்பிட்டோம்.

ஊருக்குள் நுழைந்து, சாலையைக் கடந்து கோட்டைக்குள் போனபோது நடுப்பகல். கீழ்க்கோட்டையில் கல்யாண மகாலின் கூம்புக் கூரை முதலில் கண்ணில் படும். சுடுமண் குழாய் வழியாக மகாலின் மாடிகளுக்கே நீர் ஏறியிருக்கிறது. தள்ளி, வெங்கடரமணர் கோயில். அதன் தூண்களில் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான் என்பார்கள்.

பெரியப்பா எங்களை அதிக நேரம் நிறுத்தியது களஞ்சியத்தின் முன்னால். ஆளுயரத்துக்கு மேல் எழும்பிய தடித்த சுவர்கள், வளைந்த கூரை. "இத்தன நெல்லும் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. "காலையில வரப்புல நடந்து வந்தீங்களே, அங்கேருந்துதான்" என்றார்.

அந்த ஒரு கேள்வியோடுதான் ராஜகிரி ஏறினோம். கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டிய பிறகு படிகள் உயரமாகிக்கொண்டே போகும். குரங்குகள் மல்லாட்டைப் பையைப் பிடுங்கப் பார்க்கும். உச்சிக்குச் சற்று முன் மலையே பிளந்து கிடக்கும். பிளவின் மேல் ஒரு பாலம் மட்டும். அதை எடுத்துவிட்டால் கோட்டை தனித்தீவு. சிவாஜி 1677இல் பிடித்த இந்தக் கோட்டையில் அவர் மகன் ராஜாராம் வந்து தங்கியபோது, முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690இல் போட்ட முற்றுகை 1698 வரை இழுத்தது ஏன் என்பது அந்தப் பாலத்தில் நிற்கும்போது விளங்கும். கோட்டை விழுந்தது, ராஜாராம் மட்டும் தப்பிவிட்டார்.

உச்சியில் பெரியப்பா வடக்கே பார்த்து நின்றார். கிருஷ்ணகிரிக்கு அப்பால் சிங்கவரம் மலை, ஏரி, அறுத்த வயல், நாங்கள் வந்த வழி. தேசிங்கின் கதையை அங்கேதான் முழுக்கச் சொன்னார். 1714 அக்டோபரில் சிறுபடையோடு போய் மாண்ட இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து அவனோடு சேர்ந்து போரிட்டுச் செத்த தோழன் மகபத்கான். நீலவேணிக் குதிரை. நண்பனும் குதிரையும் நீலாம்பூண்டியில் அடக்கம். ராணி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் அமைத்த ஊர்தான் ராணிப்பேட்டை என்பார்கள். தேசிங்கு வடக்கத்திப் பந்தேலா ராஜபுத்திரன், தந்தை சொரூப்சிங்குக்குப் பின் சில மாதங்களே ஆண்டவன். ஆனாலும் இந்த ஊர்க்காரர்கள் அவனைத் தங்கள் பிள்ளையாகவே பாடி வைத்திருக்கிறார்கள். எதிர்த்து நின்றான், தோழனைக் கைவிடவில்லை என்பது அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

2025 ஜூலையில் இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. மகிழ்ச்சிதான். ஆனால் மராட்டியர் கையில் கோட்டை இருந்தது இருபத்தொரு வருடம். அவர்களுக்கு முன்னே ஆனந்தக் கோன் முதலான கோன்கள், விஜயநகரத்தின் நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள். பின்னே முகலாயர், ஆற்காட்டார், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். இத்தனை பேருக்கும் நெல் அளந்தவர்களும், இவர்கள் போன பிறகு கதையைக் காப்பாற்றியவர்களும் சுற்றுவட்டக் கிராமத்தார்.

செஞ்சிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விடியற்காலையில் மேலச்சேரியில் இறங்குங்கள். சிங்கவரத்தையும் திருநாதர்குன்றையும் பார்த்துவிட்டு நடந்தே வாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ராஜகிரியில் ஏறவிடமாட்டார்கள், அதற்கு முன்னால் அடிவாரம் வந்துசேருங்கள். பிள்ளைகளை அவசியம் கூட்டிப்போங்கள். களஞ்சியத்தின் முன் நிறுத்தி, அந்த நெல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நடந்து வந்த பிள்ளைகளுக்கு விடை தெரிந்திருக்கும்.