அடித்துவிட்ட இரண்டு பத்திகள்

"தீட்டு நின்னு ஒன்பது வருஷம் கழிச்சுத் திரும்பவும் பட்டுது தம்பி." அந்த அம்மாள் இவ்வளவுதான் சொன்னார். மற்றதை மகள் சொன்னார். ஒரு நர்சிங் ஹோமில் ஸ்கேன் பார்த்துவிட்டு, நார்க்கட்டி என்று சொல்லிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதித்த ரிப்போர்ட் பிறகு வந்தது. கர்ப்பப்பையின் உட்சவ்வில் புற்றுநோய். மேலோடு நிற்காமல் கர்ப்பப்பை வாயின் ஆழத் திசுவிலும் இறங்கியிருந்தது. இரண்டாம் நிலை.

நுகர்வோர் மன்றத்துக்கான மனுவைக் கோபத்தோடு எழுதினேன். சுற்றுத் திசுக்களையும் சேர்த்து எடுக்கும் பெரிய அறுவையைச் செய்யாமல் விட்டார்கள் என்று அதற்கே இரண்டு பத்தி. அதோடு, ஓய்வுபெற்ற புற்றுநோய் அறுவை மருத்துவர் ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்கப் போனேன்.

"இதுல தோத்துடுவீங்க" என்றார். "வாய்ல இறங்கியிருக்குன்னு எம்ஆர்ஐ-ல முன்னாடியே தெரிஞ்சா பெரிய ஆபரேஷன் பண்றவங்க உண்டு. சாதாரணமா எடுத்துட்டு ரேடியேஷன் குடுக்கிறவங்களும் உண்டு. ரெண்டும் ஏத்துக்கிட்ட வழிதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஏற்கப்பட்ட இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததற்காக மருத்துவரைக் குற்றம் சொல்ல முடியாது என்பது 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய விதி. படித்தவன்தான் நான், எழுதும்போது மறந்திருந்தேன்.

அவர் ஸ்கேன் ரிப்போர்ட்டின் நான்காவது வரியில் விரல் வைத்தார். உட்சவ்வின் தடிமன் 14 மி.மீ.

"தீட்டு நின்னவங்களுக்கு ரத்தம் பட்டு, இது 4 மி.மீ.க்கு மேல இருந்தா உள்ளேயிருந்து கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். மெல்லிசா ஒரு குழாய், சில நிமிஷ வேலை, மயக்க மருந்துகூட வேண்டாம். அதைப் பண்ணியிருந்தா எம்ஆர்ஐக்குப் போயிருக்கும். ஆபரேஷனை யார் பண்றதுங்கிறதே மாறியிருக்கும். இதை மட்டும் கேளுங்க."

இரண்டு பத்திகளையும் அடித்தேன். "அவங்களை விட்டுட்டீங்களா சார்?" என்று மகள் முகம் சுளித்தார்.

அந்த மன்றத்தில் எதிர்த்தரப்பைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். கேள்விகளை எழுதிக் கொடுத்தால் பிரமாணப் பத்திரத்தில் பதில் வரும். நான் கொடுத்தவை மூன்று. கத்தி வைப்பதற்கு முன் ஏன் பயாப்சி இல்லை என்பது முதலாவது. நார்க்கட்டி என்று கருதியதால் தேவைப்படவில்லை என்றார்கள். தீட்டு நின்றபின் நார்க்கட்டி பெரும்பாலும் சுருங்கத்தானே செய்யும், புதிதாக ரத்தம் வருவதற்கு அதையே காரணமாக எப்படி முடிவு செய்தீர்கள் என்பது இரண்டாவது. அதற்கு வந்த பதில், முதல் பதிலின் நகல். மூன்றாவது, 14 மி.மீ. பற்றி. 'பதிவேட்டில் உள்ளபடி' என்று எழுதியிருந்தார்கள்.

கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது. ரேடியேஷன் செலவை மன்றம் தரவில்லை. எந்த அறுவை செய்திருந்தாலும் அது தேவைப்பட்டிருக்கலாம் என்று காரணம் எழுதியது. நியாயம்தான், மகளிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. காசோலை வாங்க வந்த அன்று அம்மாளுக்கு மூன்று மாதச் செக்கப்பும் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.