கயிறு பிடிக்கும் மச்சான்

கிணற்றுக்குள் ஒருவன் மாட்டிக்கொண்டான். மேலே மழை கொட்டுகிறது. மின்னல் தாக்கித் துளையிடும் எந்திரம் சரிந்ததில் கிணற்றின் வாயே சேற்றால் மூடிப்போயிற்று. மேலே நின்ற நண்பன் மண்டியிட்டு வெறும் கையால் அந்தச் சேற்றைப் பறிக்கிறான். கூட இருப்பவர்கள் இழுத்துப் பிடித்தும் நிறுத்த முடியவில்லை.

‘நைன் ஒன் ஒன்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் காட்சி இது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தீயணைப்பு நிலையம் ஒன்றின் கதை. 2018 தொடக்கத்தில் ஆரம்பித்தது. ஆலிவர் ஸ்டார்க் நடிக்கும் பக் முதலிலிருந்தே இருக்கிறான். ரயன் குஸ்மான் நடிக்கும் எடி டியாஸ் இரண்டாம் பருவத்தில் வந்து சேருகிறான். ராணுவத்திலிருந்து வந்தவன், கிறிஸ்டபர் என்று ஒரு மகன், பெருமூளை வாதம் உள்ள பையன். முதலில் முறைத்துக்கொண்ட இரண்டு பேரும் பிறகு ஒருவரை விட்டு ஒருவர் இல்லை என்று ஆகிவிடுகிறார்கள். கிணற்றுக் காட்சி 2020இல் வந்த மூன்றாம் பருவத்தில் இருக்கிறது.

கள்ளக்குறிச்சியில் மாமா வீட்டுக் கூடத்தில் அவரோடு உட்கார்ந்து இதைப் பார்த்தேன். அம்மாவின் தம்பி. தீயணைப்புத் துறையில் முன்னணித் தீயணைப்போராக ஓய்வு பெற்றவர். அவருக்கு ஆங்கிலம் பிடிபடாது. நான்தான் இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தேன். கிணறு வந்ததும் என்னைக் கையமர்த்திவிட்டார். சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

“கையால தோண்டி ஆவப்போறது ஒண்ணுமில்ல மாப்ள. அது அவனுக்கும் தெரியும். தெரிஞ்சும் தோண்டுறான் பாரு, அதான் நெசம்” என்றார்.

அவர் சொன்னது போலவே நடந்தது. எடி வேறு வழியாகத் தானே நீந்தி வெளியே வந்துவிடுகிறான். பக் பறித்த சேறு யாரையும் காப்பாற்றவில்லை. ஆனால் அடுத்த பருவத்தின் கடைசியில் ஒரு செய்தி வருகிறது. கிணற்றிலிருந்து மீண்ட பிறகு எடி தன் உயிலை மாற்றி எழுதியிருக்கிறான். தனக்கு ஏதாவது நேர்ந்தால் மகனுக்குப் பொறுப்பு பக் என்று. ஒரு வருடம் கழித்துத்தான் அதை அவனிடம் சொல்கிறான்.

எங்கள் பக்கம் தீயணைப்பு நிலையம் என்றால் பாதி வேலை கிணற்று வேலைதான். சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் மரவள்ளிக்கும் நடுவே திறந்த கிணறுகள். ஐம்பது அடி, அறுபது அடி. பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. மேய்கிற மாடு விழும், விளையாடுகிற பிள்ளை விழும், இரவில் வரப்பு தெரியாமல் நடந்த பெரியவர் விழுவார். போன் வந்ததும் வண்டி கிளம்பும்.

மாடு விழுந்தால் ஒருவர் கயிற்றில் இறங்கி, மிரண்டு உதைக்கிற மாட்டின் வயிற்றுக்கு அடியில் பட்டையைக் கொடுத்துக் கட்ட வேண்டும். மாட்டுக்கு இருநூறு, முந்நூறு கிலோ இருக்கும். பயன்பாடற்ற பாழுங்கிணறு என்றால் இன்னொரு ஆபத்து. அடியில் நச்சுக்காற்று தங்கியிருக்கும். விளக்கை முதலில் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் மனிதன் அப்படியே இறங்கக் கூடாது. இறங்கியவர் மயங்கினால் மேலே இருப்பவருக்கு அதைச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு: கையில் இருக்கும் கயிற்றின் இழுப்பு. அது தளர்வதை உள்ளங்கை உணர வேண்டும்.

மாமா இறங்கும்போதெல்லாம் அந்தக் கயிற்றைப் பிடித்தவர் ஒரே ஆள். கல்வராயன் மலைக்காரர், வெள்ளிமலைப் பக்கம், மலையாளிப் பழங்குடி. பதினோரு வருடம் இருவரும் ஒரே நிலையத்தில் இருந்தார்கள். நெருப்பு வேலையிலும் அப்படித்தான். வண்டியில் ஏறக்குறைய நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணீர் இருக்கும். முழு வேகத்தில் அடித்தால் பத்து நிமிடம் வருவதே அதிகம். தண்ணீர் பாயும்போது ஹோஸ் முனையில் இருக்கும் பிராஞ்ச் ஆளைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் ஒருவர் முன்னால் பிடிப்பார், இன்னொருவர் பின்னால் தோள் கொடுத்து நிற்பார். முன்னால் நிற்பவர் நெருப்பைப் பார்ப்பார். பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரைப் பார்ப்பார்.

ஒருவரை ஒருவர் ‘மச்சான்’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் எல்லா நண்பர்களும் சொல்கிற வார்த்தைதானே என்று நானும் நினைத்திருந்தேன். பிறகு ஒன்று படித்தேன்: நீலகிரியில் பாறைத் தேன் எடுப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செங்குத்தான பாறையில் இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பவன் அவனுடைய மைத்துனன், மனைவியின் உடன்பிறந்தவன். தன் அக்காளோ தங்கையோ தாலியறுப்பதை அவன் விரும்ப மாட்டான் என்பது கணக்கு. இதைப் படித்த நாளில் மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சும்மாவா கூப்ட்டோம்?” என்றார்.

சாதி விட்டுச் சாதியில் ஒருவரை மச்சான் என்று கூப்பிடுவது எங்கள் ஊர்ப்பக்கம் எளிதான காரியமில்லை. அது சம்பந்தம் பேசுகிற சொல். கேட்டு முகம் சுளித்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. மாமா அதைக் கடைசிவரை விடவில்லை. மலைக்காரரும் அந்தச் சொல்லை வார்த்தை அளவில் வைத்துக்கொள்ளவில்லை. மகளுக்குக் காது குத்தியபோது, மனைவிக்கு உடன்பிறந்த ஆண் இல்லாததால், தாய்மாமன் மடியாக என் மாமாவின் மடியில்தான் பிள்ளையை உட்கார வைத்தார். கோமுகி அணையைத் தாண்டி மலையேறி நாங்களும் போனோம். புதுத் துணி, வெல்லம், பழத்தட்டு என்று முறைச் சீர் எதிலும் குறையில்லை. குழந்தை அழுதபோது மாமாவும் அழுததை நான் பார்த்தேன்.

நண்பனின் பிள்ளைக்குப் பொறுப்பேற்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019இல்தான். ஆனால் இதற்குள் இருக்கும் திருக்கோவிலூரில், தென்பெண்ணை ஆற்றில், கபிலர் குன்று நிற்கிறது. பறம்பு மலைப் பாரி மூவேந்தரால் வீழ்ந்த பிறகு அவன் பெண்கள் இருவரையும் அவனுடைய நண்பரான புலவர் கபிலர் தன் பொறுப்பில் அழைத்துக்கொண்டு நடந்தார். அவர்களை மணக்கும்படி விச்சிக்கோனிடம் கேட்டார், இருங்கோவேளிடம் கேட்டார், இருவரும் கொள்ளவில்லை. பாரியின் மகளை இந்தப் பகுதியை ஆண்ட மலையனுக்குக் கொடுத்துவிட்டு அவர் தீயில் இறங்கினார் என்று, ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே வீரட்டானேசுவரர் கோயிலில் சொல்கிறது. நண்பனின் பிள்ளைகளுக்கு வழி செய்யும்வரை நெருப்பைக் காத்திருக்க வைத்த மனிதர். உயிலில் பக் பெயரை எடி எழுதியதைப் பார்த்தபோது எனக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் தெரியவில்லை, அந்தக் குன்றுதான் தெரிந்தது.

தொடரில் எவ்வளவு பெரிய ஆபத்தும் பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்புவதில் முடிகிறது. இங்கே அப்படி இல்லை. 2020 தீபாவளியை ஒட்டிய இரவில் மதுரையில், விளக்குத்தூண் அருகே துணிக்கடைக் கட்டடம் தீப்பிடித்தது. அணைத்துக்கொண்டிருந்தபோதே கட்டடம் இடிந்து விழுந்தது. சிவராஜன், கிருஷ்ணமூர்த்தி என்ற இரண்டு வீரர்கள் இடிபாட்டில் இறந்தார்கள். ஊரே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த இரவு. மறுநாள் மாமா வீட்டில் பலகாரத்தை யாரும் தொடவில்லை. அடுத்த ஆண்டு தீபாவளிக்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 26 அன்று, எங்கள் சங்கராபுரத்திலேயே பட்டாசுக் கடை வெடித்து உயிர்கள் போயின. பழைய நிலையத்து ஆட்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, “நல்லாருக்கியா, நல்லாருக்கியா” என்று விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார் மாமா.

1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்த நாள்தான் நாடு முழுவதும் தீயணைப்பு நிலையங்களில் நினைவு நாள். நமக்கு அது சித்திரை ஒன்று. மற்றவர்கள் கோயிலுக்குப் போகும்போது மாமா முதலில் நிலையத்துக்குப் போய் நின்றுவிட்டுத்தான் வருவார். ஓய்வு பெற்ற பிறகும் போகிறார். முன்பு அவரோடு கூட நிற்க மலைக்காரர் இருந்தார். பணி முடிய நாலு வருடம் இருக்கும்போது நோயில் அவர் போய்விட்டார். கிணறு கொண்டுபோகவில்லை, நெருப்பு கொண்டுபோகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பேச்சு நின்ற பிறகும் பிடி இருந்தது என்பார் மாமா.

காது குத்தின அந்தப் பெண் இப்போது கள்ளக்குறிச்சியில் செவிலியர் படிப்பு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு மாமா வீட்டில்தான். அன்று தொடரை எங்களோடு அவளும் பார்த்தாள். பக் சேற்றைப் பறிக்கும் இடத்தில் எழுந்து போய் மாமாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

உங்கள் நிலத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு இருந்தால் இந்தக் கோடைக்குள் கட்டிவிடுங்கள். இப்போது முடியாதென்றால் முள்ளையாவது வெட்டிச் சுற்றிப் போடுங்கள். பாழுங்கிணறு என்றால் மூடிவிடுங்கள். அதில் விழுந்த உங்கள் மாட்டுக்காக இறங்குகிறவருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும். மேலே கயிற்றோடு அவருடைய மச்சான் நின்றுகொண்டிருப்பார்.