மூட்டையின் கணக்கும் உடலின் கணக்கும்

அல்சூர் கடைத்தெருவில் மூட்டை சுமந்து பிழைப்பவர் அவர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள், ஒரு மாலை அன்றைய இயற்பியல் பாடத்தைத் தமிழில் அவருக்குச் சொல்லிக் காட்டினாள்.

“தலையில சுமையோட சமதரையில நடந்தா, அந்தச் சுமை மேல செய்யற வேலை ஜீரோப்பா.”

கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. “அப்புறம் ஏம்மா ராத்திரி இப்படி வலிக்குது?”

தேர்வில் முழு மதிப்பெண் பெறக்கூடிய அவளிடம் இதற்கு விடை இல்லை.

பாடநூல் கூறுவது பிழையன்று. இயற்பியலில் வேலை என்பது விசையையும், அவ்விசையின் திசையில் நிகழும் இடப்பெயர்ச்சியையும் பெருக்கி வருவது. சுமையைத் தாங்கும் விசை மேல்நோக்கியது, நடையோ கிடைமட்டமானது. இடையிலுள்ள கோணம் 90 பாகை. எவ்வளவு தூரம் சீராக நடந்தாலும் மூட்டையின் ஆற்றல் கூடுவதில்லை. சுழி என்பது மூட்டையின் கணக்கு.

உடலின் கணக்கு வேறு. மூட்டையைத் தாங்கும் மேசைக்கு உணவு வேண்டியதில்லை, தசைக்கு வேண்டும். இறுகி நிற்கும் தசைக்குள் மயோசின் மூலக்கூறுகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுப்பதும், விடுவதும், மீண்டும் பற்றுவதுமாக இருக்கின்றன. ஒவ்வொரு சுழற்சிக்கும் ஓர் ஏடிபி மூலக்கூறு செலவாகிறது. வெளியே எதுவும் அசையாவிடில் அவ்வாற்றல் வெப்பமாகிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலும் சுமையும் சில செண்டிமீட்டர் ஏறி இறங்குகின்றன. ஏற்றத்திற்குச் செலவிட்டது இறக்கத்தில் முழுதாகத் திரும்புவதில்லை; இறக்கத்தைத் தாங்கிக் கட்டுப்படுத்தவும் தசை செலவழிக்கிறது.

தூக்குவதை மட்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 50 கிலோ மூட்டையை 1.5 மீட்டர் உயர்த்தினால் செய்யப்படும் வேலை 735 ஜூல். நாளொன்றுக்கு 100 மூட்டை என்றால் 73,500 ஜூல்; அதாவது 18 கிலோகலோரிக்கும் குறைவு. தசையின் செயல்திறன் 25 விழுக்காடு என்று கொண்டாலும் உடலுக்கு ஆகும் செலவு 70 கிலோகலோரிதான். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டில், உட்கார்ந்து பணிபுரியும் ஆணுக்கு 2,110 கிலோகலோரியும் கடும் உழைப்பாளிக்கு 3,470 கிலோகலோரியும் தேவை. இடைப்பட்ட 1,360 கிலோகலோரியின் பெரும்பகுதி மூட்டையைச் சென்றடைவதேயில்லை. அது உடலைத் தாங்கவும், நகர்த்தவும், வெப்பமாகவும் செலவாகிவிடுகிறது.

மின்னூட்ட விதிக்குப் பெயர் தந்த கூலும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மனித உழைப்பை ஆராய்ந்தபோதே விளைவு வேறு, களைப்பு வேறு என்று பிரித்துப் பார்த்தார். பிற்காலத்தில் பாடநூல்கள் விளைவை வைத்துக்கொண்டு களைப்பை விட்டுவிட்டன.

ஆசிரியர்கள் இதற்கென ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். எவ்விசை, எதன் மீது செய்த வேலை சுழி என்று முழுதாகச் சொல்லலாம். சுமை தூக்குபவரைச் சுழிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் வகுப்பில், அவருடைய பிள்ளையும் அமர்ந்திருக்கக்கூடும்.

மறுவாரம் அவள் தந்தையிடம் சொன்னாள்: “ஜீரோங்கறது மூட்டையோட கணக்குப்பா. உங்க உடம்போட கணக்கு இல்ல.”

“அத எழுதினா மார்க்கு குடுப்பாங்களா?” என்று கேட்டார் அவர்.