பொன் யாழ்ப் போட்டி

இசைக் கருவிகளுள் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்று யாழ். வேட்டுவனின் வில் நாண் எழுப்பிய ஒலியிலிருந்தே அது பிறந்தது என்பர் அறிஞர். எகிப்திலும் சுமேரியாவிலும் தமிழகத்திலும் அது முன்னாளில் சிறந்து விளங்கியது. 21 நரம்புகள் உடைய பேரியாழும், 7 நரம்புகளே உடைய செங்கோட்டியாழும் தமிழர்க்கு உரியனவாய் இருந்தன. பின்னர் வீணை ஓங்கிற்று, யாழ் மறைந்தது. பயில்வாரும் கேட்பாரும் அற்றபின் எத்துணைச் சிறந்த கருவியும் ஏட்டளவில் நின்றுவிடுகிறது. மறைந்த யாழின் இலக்கணத்தை ஆராய்ந்து காண விபுலானந்த அடிகளார் பல்லாண்டு உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாகிய ‘யாழ் நூல்’ 1947-ஆம் ஆண்டில் அரங்கேறியது.

ஐரோப்பாவில் யாழ் இவ்வாறு அழிந்துபடவில்லை. ‘ஹார்ப்’ என்னும் பெயரோடு அங்கே நிலைத்து வாழ்ந்தது. ஆயினும் அது பெற்ற மதிப்பு ஒரு வகையில் குறையுடையதே. செல்வர் இல்லங்களில் இளமகளிர் பயிலும் அணிகலன் போல அது கருதப்பட்டது. பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தும் அதனை மீட்டியவள். பல்லிய அரங்கிலோ, அருவி விழுவதையும் கனவு தோன்றுவதையும் காட்டுவதற்குச் சிறிது நேரம் ஒலித்துவிட்டு, எஞ்சிய பொழுதெல்லாம் வாளாவிருப்பதே அதன் தொழிலாயிற்று. வயலினும் பியானோவும் தனித்து நின்று அவையை ஆண்டபோது, யாழ் ஒரு மூலையில் அமர்ந்திருந்தது. அதன் அழகே அதற்குப் பகையாயிற்று என்றுகூடச் சொல்லலாம். கண்ணால் கண்டு வியந்தவர் செவியால் கேட்க மறந்தனர்.

உண்மையில் அக்கருவியை ஆளுதல் எளிய செயலன்று. இக்காலத்துப் பெரிய ஹார்ப் ஏறக்குறைய ஆறடி உயரம் உடையது. அதில் 47 நரம்புகள் உண்டு. நெருங்கி நிற்கும் அவற்றுள் இன்னது இன்ன சுரம் என்று கண் விரைந்து அறிதற்பொருட்டுச் சில நரம்புகளுக்குச் செந்நிறமும் சிலவற்றிற்குக் கருநிறமும் ஊட்டியிருப்பர். சிறுவிரல் இரண்டையும் விலக்கி, ஏனைய எட்டு விரல்களால் நரம்புகளைத் தெறிப்பர். கைகளுக்கு மட்டுமன்றிக் கால்களுக்கும் அங்கே ஓயாத வேலை உண்டு. கருவியின் அடியில் சுரத்திற்கு ஒன்றாக ஏழு மிதிகள் அமைந்துள்ளன. மூன்று இடக் காலுக்கும் நான்கு வலக் காலுக்கும் உரியவை. ஒரு மிதியை ஒரு படி அழுத்தினால், அச்சுரத்துக்குரிய நரம்புகள் யாவும் ஒருங்கே அரைச் சுரம் உயரும். இன்னும் ஒரு படி அழுத்தினால் மேலும் அரைச் சுரம் உயரும். செபாஸ்தியன் எரார் என்னும் கருவி வினைஞர் 1810-ஆம் ஆண்டில் இவ்வமைப்பிற்கு உரிமை பெற்றார். அவையோர் காண்பது விரல்களின் ஆட்டத்தை மட்டுமே. அதே வேளையில் கால்கள் செய்யும் கணக்கினை அறிந்தவரே அறிவர்.

இத்தகைய கருவிக்குத் தனியரசு தேடித் தர முனைந்தவருள் ஆன்ரியெத் ரெனியே என்னும் பிரெஞ்சு அம்மையார் தலைசிறந்தவர். 1875-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே ஆசல்மான் என்னும் பேராசிரியரின் இசையைக் கேட்டு, அவரையே தம் ஆசானாக உள்ளத்தில் வரித்துக்கொண்டார். கற்கத் தொடங்கியபோது ஓர் இடையூறு தோன்றிற்று: சிறுமியின் கால்கள் மிதிகளுக்கு எட்டவில்லை! மகளின் ஆர்வத்தைக் கண்ட தந்தை, மிதிகளோடு பொருந்தும் நீட்டுறுப்புகளைத் தாமே செய்து கொடுத்தார். பதினோராம் வயதில் அச்சிறுமி பாரிஸ் இசைக் கல்லூரியின் முதற் பரிசைப் பெற்றாள். 1901-ஆம் ஆண்டில், யாழுக்கும் பல்லியத்திற்குமாகத் தாமே இயற்றிய பேரிசைப் பாடலை ரெனியே பொது அரங்கில் மீட்டினார். மூலையில் இருந்த கருவி அன்று அவை நடுவே வந்தது. 1912-ஆம் ஆண்டில் ஆசல்மான் மறைந்தபின், கல்லூரியில் அவர் வகித்த பதவி ரெனியேவுக்குக் கிட்டவில்லை. மார்செல் துர்னியே அதில் அமர்ந்தார். அம்மையார் அதனால் சோர்ந்துவிடவில்லை. 1914-ஆம் ஆண்டிலேயே பன்னாட்டார் கலந்துகொள்ளத்தக்க யாழ்ப் போட்டியொன்றைத் தம் பெயரால் நிறுவினார்.

போர்களும் பிறவும் இடைப்பட்டன. 1959-ஆம் ஆண்டில், தாவீது மன்னன் யாழ் மீட்டிய நாடு எனப் போற்றப்பெறும் இஸ்ரேலில் பன்னாட்டு யாழ்ப் போட்டி ஒன்று தொடங்கிற்று. அதில் முதற் பரிசு பெற்றவர் சூசன்னா மில்தோனியன். அதன்பின் முப்பது ஆண்டு கழித்து அமெரிக்க நாட்டில் எழுந்ததே புளூமிங்டன் நகரப் போட்டி.

அதனைத் தோற்றுவித்தவர் சூசன் மெக்டொனால்டு என்னும் அம்மையார். இளமையில் பாரிஸ் சென்று, முதியவராயிருந்த ரெனியேவிடம் பயின்றவர் இவர். 1955-ஆம் ஆண்டில் பாரிஸ் இசைக் கல்லூரியில் யாழுக்குரிய முதற் பரிசைப் பெற்றார். அமெரிக்கர் ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. பின்னர் இண்டியானாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய அவர், 1989-ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழக நகரிலேயே அமெரிக்கப் பன்னாட்டு யாழ்ப் போட்டியை நிறுவினார். சிக்காகோ நகரத்து லயன் ஹீலி நிறுவனத்தார் தம் முதல் யாழைச் செய்து முடித்தது 1889-ஆம் ஆண்டில். சரியாக நூறாண்டு நிறைந்த வேளையில் இப்போட்டி பிறந்தது பொருத்தமே. ஆசிரியையிடம் பெற்றதை மாணவி அடுத்த தலைமுறைக்கு இவ்வாறு வழங்கினார்.

மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நிகழும் இப்போட்டிக்குப் பல நாடுகளிலிருந்து இளைஞர் வருகின்றனர். பல சுற்றுகளில் தனித்து மீட்டித் தேறியவர், இறுதியில் பல்லியத்தோடு இணைந்து பேரிசைப் பாடல் ஒன்றை மீட்டல் வேண்டும். முதற் பரிசோ பொன் பூசிய பேரியாழ். பணம் கொடுத்தால் போதாதா என்று சிலர் வினவலாம். நல்லதொரு பெரிய யாழின் விலை பல பதினாயிரம் டாலர். சிறந்த திறம் வாய்ந்தும் தமக்கென அத்தகைய கருவி இல்லாத இளைஞர் பலர். அன்னார்க்கு அப்பரிசு வாழ்நாள் முழுதும் துணை நிற்பது; வெறும் பொற்காசு போலச் செலவாகி மறைவதன்று. யாழுக்கெனப் புதிய பாடல்கள் இயற்றுவோர்க்கும் ஒரு போட்டி வைத்திருப்பது மிகவும் பாராட்டத்தக்கது. பழம்பாடல்களையே திரும்பத் திரும்ப மீட்டுவதால் ஒரு கருவி வளராது.

1992-ஆம் ஆண்டில் செக் நாட்டு யானா பௌஷ்கோவா பொன் யாழை வென்றார். 2004-இல் வென்ற பிரெஞ்சு இளைஞர் எம்மானுவேல் செய்சோன், இரண்டாண்டிற்குள் பாரிஸ் இசை நாடக அரங்கின் முதன்மை யாழ்க் கலைஞர் ஆனார். யாழ் மகளிர்க்கே உரியது என்னும் பழைய எண்ணம் இத்தகையோரால் தளர்ந்தது.

2019-ஆம் ஆண்டில் போட்டி தன் முப்பதாம் ஆண்டு நிறைவை எய்திற்று. ஆண்டு விழா என்றால் மாலையும் மேடைப் பேச்சுமே பலர்க்கு நினைவு வரும். இங்கோ போட்டியே விழாவாயிற்று. கோடை நாளில், பதினோராம் முறையாக இளைஞர் புளூமிங்டனில் கூடினர். பாரிஸ் நகரத்துப் பெண் ஒருத்தியின் கால் எட்டாத மிதிகளிலிருந்து தொடங்கிய கலை மரபு, கடல் கடந்து அங்கே ஓங்கி நின்றது. அவ்வாண்டு முதற் பரிசைப் பெற்றவர் மெலனி லோரான். அவரும் பிரான்சு நாட்டினரே. 2022-இல் நடந்த பன்னிரண்டாம் போட்டியிலோ அமெரிக்கராகிய நோயல் வான் வென்று, பொன் யாழைத் தம் நாட்டிலேயே நிறுத்திக்கொண்டார்.