வறண்ட ஊரின் குளங்கள்

காந்திபுரம், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நாவலுக்காக வரைந்து அனுப்பிய நகரப் படம் கிடைத்தது. நடுவில் கடல் போல ஓர் ஏரி. கரை முழுக்க நெல் வயல், துறையில் படகுகள், மூன்று திசைகளிலிருந்தும் வரும் வணிகர் வண்டிகள். ஏரி இருந்ததால் உழவு வந்தது, உழவு செழித்ததால் சந்தை கூடியது, சந்தை கூடியதால் நகரம் எழுந்தது என்று கதையைக் கொண்டுபோகப் போகிறீர்கள். படிப்பவர் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் இந்தக் கடிதம் புறப்படும் ஊர் அந்த வரிசையை ஒப்புக்கொள்ளாது. கோவையும் உழவும் வணிகமும் சேர்ந்த குளக்கரை நகரம்தான். நகருக்குள்ளும் அதன் ஓரங்களிலும் நொய்யலைச் சார்ந்து இருபதுக்கு மேல் குளங்கள் இருக்கின்றன. ஆனால் இந்த ஊரை வளர்த்தது தண்ணீர் என்று சொன்னால் பாதி பொய். தண்ணீர் போதாமையும், அந்தப் போதாமையோடு தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டிப் பழகிய கையும்தான் இதை வளர்த்தன என்பது என் வாதம். அதை நிரூபிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். முடிந்தால் உங்கள் படத்தில் ஏரியைக் கடைசியாக வரையுங்கள்.

மழையிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டருக்கு மேல். கோவை நகருக்குக் கிடைப்பதோ 700ஐ ஒட்டித்தான். மேற்கே மலைச்சரிவில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவம், மலையைத் தாண்டி நகருக்கு வரும்போது பெரும்பாலும் காற்றாக வருகிறது. இந்த ஊரின் குளிர்ச்சியைப் புகழ்கிறவர்கள் அந்தக் காற்றைத்தான் புகழ்கிறார்கள். அதில் ஈரம் எவ்வளவு என்று கேட்பதில்லை. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கொங்கு நாட்டைக் குறுக்கே கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு அல்ல அது. மலையில் மழை பெய்த சில நாட்கள் வெள்ளமாக வரும். மற்ற நாட்களில் மணலையும் பாறையையும் காட்டிக்கொண்டு கிடக்கும். அந்தச் சில நாள் வெள்ளத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கான விடைதான் குளங்கள். சித்திரைச்சாவடி, குனியமுத்தூர், கோயமுத்தூர், குறிச்சி, வெள்ளலூர் என்று ஆற்றுக்குக் குறுக்கே வரிசையாகத் தடுப்பணைகள். ஒவ்வோர் அணையிலிருந்தும் ஒரு வாய்க்கால், வாய்க்காலின் முனையில் குளம். சித்திரைச்சாவடி வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பிக்கொண்டு வருகிறது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் எல்லாம் இதே பெரிய ஏற்பாட்டின் உறுப்புகள். இவற்றில் எதுவும் இயற்கை ஏரி இல்லை. மண் சுமந்து கரை கட்டி, மதகும் கலிங்கும் வைத்துச் செய்தவை. ஏரியைக் கண்டு மனிதர் குடியேறிய கதை இல்லை இது. குடியேறியவர்கள் ஏரியைச் செய்த கதை.

மண் சுமப்பதைவிடக் கடினமான வேலை ஒன்று இதில் இருக்கிறது. சங்கிலியில் மேலே இருப்பவன் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டால் கீழே இருப்பவன் காய்ந்துபோவான். ஆகவே குளம் வெட்டுவதோடு வேலை முடியாது. முறை வகுக்க வேண்டும். பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தேவிச்சிறை என்ற புதிய அணையை நொய்யலில் கட்டிக்கொள்ள அது அனுமதி தருகிறது. கூடவே, முன்பே இருந்த கோளூர் அணைக்கு அதனால் கேடு வரக்கூடாது என்ற நிபந்தனையையும் போடுகிறது. அரசன் புகழைப் பாடும் நூறு கல்வெட்டுகளைவிட எனக்கு இந்த ஒரு நிபந்தனை பெரிதாகப் படுகிறது. இரண்டு அணைகள் ஒரே தண்ணீருக்குப் போட்டியிடும் இடத்தில் ஒரு வரம்பை வகுத்து, அதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கணக்கு, ஒப்பந்தம், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுதல் ஆகிய மூன்றும் இல்லாமல் வணிகம் நடக்காது. கொங்கு நாட்டில் அந்த மூன்றும் கடைவீதியில் பழகியதற்குக் குறையாமல் வாய்க்கால் கரையிலும் பழகியிருக்கின்றன. உங்கள் கற்பனை நகரத்தில் வணிகர் சங்கத்துக்குப் பெரிய மாளிகை கொடுத்திருக்கிறீர்கள். மதகைத் திறக்கும் ஆளுக்கு ஒரு குடிசைகூட இல்லை.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய முதல் மறுப்பு எனக்குத் தெரியும். கோவையை உருவாக்கியது குளம் அல்ல, கணவாய்தானே? மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடும் இடம் பாலக்காட்டுக் கணவாய். முசிறியில் இறங்கிய சரக்கு அதன் வழியே கரூருக்கும் அங்கிருந்து கிழக்குக் கடற்கரைக்கும் போனது. வெள்ளலூரில் 1842இல் ரோமானிய வெள்ளிக் காசுகள் 500க்கு மேல் ஒரே புதையலாகக் கிடைத்தன. சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில் இராசகேசரிப் பெருவழியின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இன்னும் இருக்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் கணவாய் ஊரைக் கடந்து போவதற்குக் காரணம் சொல்கிறது. தங்குவதற்குக் காரணம் சொல்லவில்லை. பொதிமாடுகளும் வண்டி மாடுகளும் வறண்ட சமவெளியைக் கடக்க வேண்டுமானால் ஒரு நாள் நடைக்கு ஓர் இடத்தில் தண்ணீரும் தீவனமும் வேண்டும். காசு கிடைத்த வெள்ளலூரில் ஓர் அணையும் குளமும் இருக்கின்றன. பெருவழிக் கல்வெட்டுள்ள சுண்டக்காமுத்தூரும் பேரூரை ஒட்டிய நொய்யல் பாசனப் பகுதிதான். ஆற்றோடு கீழே போனால் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் ஊர் இதுவே என்பர். அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், பச்சைக்கல், சூதுபவளம் அறுத்து மணி செய்த பட்டறைகளும், தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும் கிடைத்தன. பச்சைக்கல் கிடைக்கும் படியூர் பக்கத்திலேயே இருக்கிறது. கவனியுங்கள், கொடுமணல் நெல் விற்ற ஊர் இல்லை. விளைச்சல் போதாத நிலத்தில் கைத்தொழிலை வைத்துப் பிழைத்த ஊர். கோவையின் பிற்கால வரலாறு முழுவதற்கும் அதை முன்னோட்டமாகச் சொன்னால் மிகை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இடையில் பல நூற்றாண்டுகள் இருப்பதை நானும் மறக்கவில்லை. ஆனால் நிலம் மாறவில்லை. நிலம் போட்ட கணக்கும் மாறவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. பழைய கதை எதற்கு, இன்றைய கோவை ஆலைகள் எழுப்பிய ஊர், ஆலைக்குக் குளம் எதற்கு என்று கேட்கலாம். ஸ்டேன்ஸ் மில் 1888இல் வந்தது. பைக்காரா மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் வந்ததும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது, மிதமான தட்பவெப்பம் ஒத்துக்கொண்டது, அவ்வளவுதான் என்று பள்ளிப் புத்தகம் முடித்துவிடும். இந்தக் கணக்கில் ஒரு பொருள் விடுபட்டுப் போகிறது. அதுதான் கிணறு. கொங்குப் பேச்சில் நிலத்துக்குப் பெயர் வைத்திருக்கும் முறையைப் பாருங்கள். குளத்துப் பாசனம் பாயும் நஞ்சை வயல். மழையை நம்பியது காடு. கிணற்றை நம்பியது தோட்டம். 'தோட்டத்துக்குப் போறேன்' என்று ஒருவர் சொன்னால் பூச்செடியைப் பார்க்கப் போகிறார் என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார். கிணறும் சாளையும் மாட்டுக் கொட்டகையும் உள்ள ஒரு முழு வாழ்க்கை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. குளத்துத் தண்ணீர் எட்டாத பெரும்பரப்பில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினார்கள். மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்தார்கள். குளத்திலிருந்து மண்ணுக்குள் கசிந்த நீர்தான் சுற்றிலும் இருந்த கிணறுகளை உயிரோடு வைத்தது என்பதால் குளத்துக்கும் தோட்டத்துக்கும் உறவு அறுந்ததும் இல்லை. கிணறு ஆழம் போகப் போக மாட்டால் முடியவில்லை. ஆயில் எஞ்சின் வந்தது, பிறகு மின்மோட்டார். பைக்காரா மின்சாரம் ஆலைகளுக்கு மட்டும் போகவில்லை, தோட்டத்துக் கிணற்றுக்கும் போனது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை 1937இல் இங்கே செய்தார்கள். பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடம் பம்பு செய்யத் தொடங்கியது. பம்புக்கு வார்ப்பு வேண்டும், வார்ப்புக்குப் பவுண்டரி வேண்டும், பவுண்டரிக்கு மாதிரி செய்யும் தச்சரும் கடைசல் பட்டறையும் வேண்டும். பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துச் சந்துகளில் அந்தச் சங்கிலி முழுவதையும் பார்க்கலாம். நாட்டின் பம்புகளில் பெரும்பங்கு இங்கே செய்யப்படுவதும், கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே மோட்டாரின் பேரப்பிள்ளைகள்தாம். தண்ணீர் தாராளமாகக் கிடைத்த தஞ்சையில் ஏன் பம்புத் தொழில் இப்படி வேர்விடவில்லை என்று கேட்டுப் பார்த்தால் விடை கையில் இருக்கிறது.

கரும்புக்கும் ஒரு வரி. 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தைக் கோவையில் வைத்ததற்குக் காரணம் இங்கே கரும்பு மிகுதியாக விளைந்தது அல்ல. இந்தத் தட்பவெப்பத்தில் கரும்பு பூத்து விதை பிடிக்கிறது என்பதுதான். அந்த நிலையத்தின் அறிவியலாளர்கள் பார்பரும் வெங்கட்ராமனும் பயிர்க்கரும்பைக் காட்டுக்கரும்போடு கலந்து எடுத்த கோ 205 இரகம் 1918இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. கரும்பை விற்காமல் கரும்பின் வித்தை விற்ற ஊர் இது.

மூன்றாவது மறுப்புக்கு என்னால் முழு விடை சொல்ல முடியாது, பாதியை ஒப்புக்கொள்கிறேன். பற்றாக்குறையைச் சமாளிக்கும் சாமர்த்தியம் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் போனால் அது கொள்ளையாகிவிடுகிறது. கிணறு போய் ஆழ்குழாய்க் கிணறு வந்தது. ஆயிரம் அடி தாண்டியும் துளைக்கிறார்கள். பேரூர்க் கல்வெட்டு போட்ட நிபந்தனையை நிலத்தடி நீருக்கு யாரும் போடவில்லை. திருப்பூரின் சாயத் தண்ணீர், பாசனத்துக்காக 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையைக் கழிவுத் தொட்டியாக்கியது. உழவர்கள் வழக்காடி, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகே சுத்திகரிப்பு என்ற சொல்லுக்கு மதிப்பு வந்தது. கோவைக்குள்ளும் கதை வேறில்லை. சிறுவாணித் தண்ணீர் 1930 வாக்கில் குழாயில் வந்ததும் குளங்களுக்கு ஊர் முதுகைக் காட்டியது; வயல்கள் மனைகளாயின, வாய்க்கால்கள் சாக்கடையாயின. அம்மன் குளம் இன்று ஒரு குடியிருப்பின் பெயர். வாலாங்குளத்தை ரயில் பாதையும் சாலையும் துண்டு போட்டிருக்கின்றன. பொலிவுறு நகரத் திட்டத்தில் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன் குளம், குறிச்சிக் குளம் ஆகியவற்றுக்கு நடைபாதையும் விளக்கும் வந்திருக்கின்றன. குறிச்சியில் தமிழ் எழுத்துகளால் ஆன வள்ளுவர் சிலையும் நிற்கிறது. மாலையில் ஊர் அங்கே திரள்வதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குப்பை கொட்டும் இடத்தைவிட நடக்கும் இடம் மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயக்கட்டு இல்லாத குளத்துக்குக் காவல் யார்? முன்பு வாய்க்காலைத் தூர்வாராவிட்டால் யாரோ ஒருவரின் பயிர் காய்ந்தது, அவர் சண்டைக்கு வந்தார். இப்போது வாய்க்கால் அடைபட்டால் யாருக்கும் நட்டமில்லை, நடைபாதையில் கொஞ்சம் நாற்றம் கூடும். கரையை அழகுபடுத்தும் திட்டத்தில் பாதிப் பணமாவது சித்திரைச்சாவடியிலிருந்து வரும் வாய்க்காலுக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் இதை எழுதும் காந்திபுரத்தில் குளம் கிடையாது. நகரப் பேருந்து, வெளியூர்ப் பேருந்து, ஆம்னி என்று தனித்தனியே நிலையங்களும், கிராஸ்கட் ரோட்டின் கடைகளும், தலைக்கு மேல் பாலமும்தான். ஆனால் வெளியே போகும் வண்டிகள் மற்ற எந்த இடங்களிலிருந்து புறப்படுகின்றன என்று பார்த்தால் சுவையாக இருக்கும்: பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் உக்கடம், மதுரைக்கும் திருச்சிக்கும் சிங்காநல்லூர். இரண்டும் குளத்து ஊர்கள். பொதிமாடு தண்ணீர் குடித்த இடத்தை விட்டு ஊரின் வாசல் அதிகம் நகரவில்லை.

உங்கள் நாவலின் கடைசிப் பகுதிக்கு உதவக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உழவர்கள் கேட்டுக்கொண்டிருந்த அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் மிஞ்சும் வெள்ளத்தில் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்குத் தள்ளி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். குளத்து நீர் எட்டாத இடத்துக்காகப் பிறந்த பம்பு, திரும்ப வந்து குளத்தை நிரப்புகிறது. குழாய்களைப் புதைத்தாகிவிட்டது, மோட்டார்கள் ஓடுகின்றன. ஆற்றில் வெள்ளம் குறைந்த ஆண்டில் 1,045இல் எது முதலில் நிறைய வேண்டும் என்ற பழைய தேவிச்சிறை வழக்கு மட்டும் புதிதாகத் தொடங்கும். உங்கள் நகரத்தில் அந்த வழக்கை யார் விசாரிப்பார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்