கோமாரியில் இரண்டு நாட்கள்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊரோடு ஊர் தொடுத்து நிற்பதைப் பயணஞ் செய்தோர் நன்கறிவர். திருக்கோவிலைத் தாண்டியதும் வீடுகள் அருகி, வெளி விரிகின்றது. ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம் வயலும் பற்றைக்காடும் களப்பும். இலங்கைத் தீவின் கிழக்குக் கோடியாகிய சங்கமன்கண்டி முனையைக் கடந்து, பொத்துவிலை அடையுமுன் நம்மை எதிர்கொள்ளும் சிற்றூரே கோமாரி. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் இவ்வூர் பட்ட துயர் பெரிது. அதன் பின்னர் எழுந்த வீடுகளும் வளர்ந்த மரங்களுமே இன்று கண்ணிற் படுகின்றன.

அறுகம் குடாவுக்கு விரையும் உல்லாசப் பயணிகள் கோமாரியில் வண்டியை நிறுத்துவது அரிது. ஆயினும், விலங்குகளைப் படம் பிடிப்பதில் ஆர்வமுள்ள மாணவர்க்கு இதைவிட நல்ல இடம் இப்பகுதியில் இல்லை எனலாம். காலையிலே மாட்டுப்பட்டிகள் தெருவைக் கடந்து களப்பை நாடிச் செல்லும். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. ஆதலின் வெயில் ஏறியதும் நீரிலோ சேற்றிலோ அமிழ்ந்து உடலைக் குளிர்வித்துக்கொள்ளும். மேயும் மாடுகளின் காலடியில் எழும் பூச்சிகளைத் தின்ன வெண்கொக்குகள் பின்தொடரும். தெருவோரக் கடைகளில் சட்டி சட்டியாய் அடுக்கியிருக்கும் எருமைத் தயிரின் சுவைக்கு ஊற்று இப்பட்டிகளே.

நண்பகல் வெயிலில் எருமையைப் படமெடுத்தால் கரிய பாறையொன்றே படத்தில் விழும். காலையில் ஞாயிறு தாழ நிற்கும்போது, கடலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தால், மயிர் நுனியும் கொம்பின் வரியும் துலங்கும். ஆட்டுக்குட்டியை நின்றபடி எடுத்தால் முதுகே தெரியும். முழந்தாளிட்டு அதன் கண் மட்டத்துக்கு இறங்கினாற்றான் முகம் கிடைக்கும். நாய்க்கும் பூனைக்கும் இதுவே விதி. துரத்துவோரிடம் அவை நில்லா. ஓரிடத்தில் அமைதியாய் அமர்ந்திருப்போரிடம் தாமே வரும்.

இவற்றையெல்லாம் நன்கு பழகியிருந்த நம் இளைய மகள், முதல் நாள் ஒரு படமேனும் எடுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் நம் வாசலைக் காத்த மணி என்னும் நாய், மூன்று வாரங்களுக்கு முன்னர்தான் முதுமையால் இறந்திருந்தது. அவளுடைய கைத்தொலைபேசியிலே கடைசியாக இருந்தது மணியின் படம். வாசற்படியில் தலை சாய்த்து, கண்ணை மட்டும் உயர்த்தி நம்மை நோக்கும் படம். புதிதாக ஒன்றை எடுத்தால் அது பின்னே தள்ளப்பட்டுவிடும் என்பதே அவள் கவலை. நாமும் அவளைத் தேற்ற வகையறியாதிருந்தோம். பேரலையில் உற்றாரை இழந்தோர் வாழும் ஊரிலே, ஒரு நாய்க்காக முகம் வாடியிருப்பது நமக்குக் கூச்சமாகவும் இருந்தது.

மறுநாட் காலை களப்போரத்தில் எருமைப்பட்டி ஒன்றைச் சாய்த்துவந்த முதியவர் அவளைக் கண்டு நின்றார்.

“என்ன மகள், எல்லாரும் படம் புடிக்காங்க, நீங்க மட்டும் சும்மா நிக்கிறீங்க?”

அவள் மறுமொழி கூறாது கைத்தொலைபேசியை நீட்டினாள். அவர் சாரனில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பெயரைக் கேட்டார். “மணி” என்றாள். பின்னர், நெற்றியில் வெள்ளைச் சுட்டியுடன் நின்ற எருமையொன்றைக் காட்டினார்.

“அவட பேர் சுட்டி. அவட தாய்க்கும் சுட்டிதான் பேர், தாய்ட தாய்க்கும் அதுதான். முந்தி இருந்த பட்டி அலையோட போயிட்டு மகள். ஒரு நாகுதான் மிஞ்சின. அதில இருந்து வந்ததுதான் இதெல்லாம். பேர மட்டும் நாங்க விடல்ல.”

ஊரார் பட்ட துயரை அவர் வேறெதுவும் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை. அவள் துயரைச் சிறிதென்று அவர் எண்ணவில்லை என்பது மட்டும் நமக்கு விளங்கியது. சற்றுநேரத்தில் மகள் ஈர மணலில் முழந்தாளிட்டு, சுட்டியின் கன்றைப் படமெடுத்தாள். மாலைக்குள் ஆடு, கோழி, மீன்வாடியில் உறங்கிய பூனை என முப்பது படங்கள் சேர்ந்துவிட்டன.

வளர்த்த உயிரின் உருவைப் பெயரோடு காத்துவைக்கும் வழக்கம் புகைப்படக் கருவியோடு பிறந்ததன்று. தமிழகத்தில் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரிலே ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமைகள் தொடர்பான பூசலில் மடிந்த வீரனொருவனுக்கு நாட்டப்பட்ட கல் அது. அவனருகே அவன் நாயின் உருவும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லெழுத்துக் கூறுகின்றது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், அதற்கும் முற்பட்ட காலத்தில், சண்டைச் சேவலொன்றுக்கும் கல் நாட்டியுள்ளனர். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாயினும் கோவிவன் இன்றும் பெயர் சொல்லி அழைக்கத்தக்க நாயாகவே நிற்கின்றது. நாய்க்காக வருந்துவதில் நாணுவதற்கு யாதுமில்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

கல் நாட்ட நம்மால் இயலாது; ஒரு படத்தை அச்சிட்டு வைக்க எல்லோராலும் இயலும். கைத்தொலைபேசி பழுதானால் உள்ளிருப்பவையும் அதனோடு போய்விடக்கூடும். பெயரெழுதாத படமோ இரு தலைமுறைக்குள் யாரோ ஒருவரின் நாயாகிவிடும். ஆதலின், வாசக அன்பர்கள் தம் வீட்டு விலங்குகளின் படங்களை அச்சிட்டு, பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதிவைப்பது நலம். கோமாரிப் படங்களை அச்சிடக் கொடுத்தபோது மணியின் படத்தையும் அவற்றோடு கொடுத்தோம். மகள் அதன் பின்னே பெயரையும், பிறந்த ஆண்டையும், இறந்த ஆண்டையும் எழுதினாள். கன்றின் படத்துக்குப் பின்னே “சுட்டியின் பிள்ளை, கோமாரி” என்றெழுதி, இன்னொரு பிரதியை, பொத்துவிலுக்குச் சென்ற அன்பரொருவர் கையில் அம்முதியவருக்கு அனுப்பிவைத்தாள்.